மார்கழியில் இருவர் பயணம்

வெளி மாநிலங்களில் பிழைப்பை அமைத்துக்கொண்ட தமிழ்க் குடும்பங்களுக்குப் பயணம் என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான் உண்டு. அது ஊருக்குப் போவது. கோடை விடுமுறை வந்ததும் மூட்டை கட்டுகிறோம். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் அமர்ந்து போகிறோம். இடையில் தங்கையின் திருமணம், அண்ணன் மகளின் காதுகுத்து, தந்தையின் திவசம் என்று மறுபடியும் போகிறோம். இருக்கும் விடுமுறையும் கையிலுள்ள பணமும் இவ்வாறே கரைந்துவிடுகின்றன. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உறவு அறாமல் இருப்பதற்கு நாம் கொடுக்கும் விலை அது.

ஆயினும் கணவனும் மனைவியும் இருவராக, எந்தக் கடமையும் குறுக்கிடாமல், ஓர் ஊருக்குச் சென்று இரண்டு நாள் இருந்து வருவது என்பது நம்மில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது? தில்லியில் ரயில்வே குமாஸ்தாவாக இருக்கும் எனக்கு மணமாகிப் பதினொரு ஆண்டுகள் வரை வாய்க்கவில்லை. சென்ற மார்கழியில் வாய்த்தது. அதற்காக நான் போட்ட கணக்குகளும், செய்த பிழைகளும், கற்ற பாடங்களும் மற்ற அன்பர்களுக்குப் பயன்படலாம் என்று கருதி இதை எழுதுகிறேன்.

என்னை இம்முயற்சியில் இறக்கிவிட்டவர் என் தாயார். என் தந்தையும் ரயில்வே ஊழியரே. பணியில் இருக்கும்போதே அவர் காலமானார். மெட்ரிக்குலேஷனோடு நின்றிருந்த எனக்கு அவர் பொருட்டுத்தான் இந்த வேலை கிடைத்தது. மைசூருக்கு அழைத்துப் போவதாக என் தாயாரிடம் அவர் சொல்லிக்கொண்டே இருந்தாராம். பாஸ் இருந்தது, வண்டியும் இருந்தது, மைசூரும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஏதோ ஒன்று குறுக்கிட்டது. சென்ற ஐப்பசியில் நானும் என் மனைவியிடம் ஏதோ ஒரு பேச்சில், "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொன்னேன். கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த தாயார் தலை நிமிராமல், "உன் அப்பாவும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. அன்று இரவே காகிதமும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தேன்.

பனியை முதலில் கணக்கிடுக

பயணத்துக்கு ஊரைத் தேர்ந்தெடுப்பவர்கள் முதலில் கட்டணத்தைப் பார்ப்பார்கள். குளிர்காலத்தில் வட இந்தியாவில் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மூடுபனியை. இது நான் பட்டுத் தெரிந்துகொண்ட உண்மை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஜனவரி முதல் வாரத்தில் லக்னோ சென்று வரத் திட்டமிட்டோம். இரவு 10 மணி வண்டி. நிலையத்துக்குப் போனபின் 3 மணி நேரத் தாமதம் என்றார்கள். பிறகு 5 என்றார்கள். விடியும்போது 9 ஆயிற்று. கட்டியிருந்த புளியோதரையைப் பிளாட்பாரத்திலேயே தின்றுவிட்டு, காலையில் வீடு திரும்பினோம். இருந்ததே இரண்டு நாள் விடுமுறை. அதில் ஒரு நாள் போனபின் எங்கே போவது? ரயில்வேயில் இருந்துகொண்டே இந்தத் தவறைச் செய்தேனே என்ற வெட்கம் எனக்கு நெடுநாள் இருந்தது.

மூடுபனி எவர் குற்றமும் அன்று. பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசம், பீகார் என்று விரிந்து கிடக்கும் சிந்து-கங்கைச் சமவெளியில், குளிர்கால இரவுகள் நீண்டவை, காற்று அசையாது. நீர் பாய்ந்த வயல்களின் ஈரம் குளிர்ந்த தரையருகே பனியாகத் திரண்டு நிற்கும். மழை ஒரு முறை பெய்து ஓய்ந்தால் மறுநாள் இன்னும் கனக்கும். டிசம்பர் கடைசி வாரம் முதல் ஜனவரி மத்திவரை இதன் உச்சம். எஞ்சின் ஓட்டுநருக்குச் சிக்னல் தெரியாது. ஆகவே வேகத்தைக் குறைத்தே ஓட்டியாக வேண்டும். சிக்னல் நெருங்குவதை அறிவிக்கத் தண்டவாளத்தின் மேல் வெடி வைக்கும் பழைய முறையும் உண்டு. அடுத்து வரும் சிக்னலை முன்கூட்டிச் சொல்லும் செயற்கைக்கோள் கருவிகள் இப்போது எஞ்சின்களில் வைக்கப்படுகின்றன. எனினும் கண்ணால் காண்பதற்கு ஈடு இல்லை.

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. ஒரு வண்டி தாமதமாக வந்து சேர்ந்தால், அதே பெட்டிகளைக் கொண்டு திரும்ப வேண்டிய வண்டியும் தாமதமாகும். ஆகையால் கிழக்கேயிருந்து பனியைக் கடந்து வந்து நம் ஊர் வழியே போகும் வண்டியை விட, நம் ஊரிலேயே புறப்படும் வண்டியைத் தேர்ந்தெடுப்பது மேல். அதன் பெட்டிகள் பனி குறைந்த மேற்குத் திசையிலிருந்து வருபவையானால் இன்னும் மேல். வண்டி 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நாம் பயணம் செய்யாவிடின், கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். கணினி வழி வாங்கிய சீட்டானால் வண்டி புறப்படுவதற்கு முன்பே அதற்குரிய மனுவைப் பதிவு செய்துவிட வேண்டும். பணம் திரும்பும், விடுமுறை திரும்பாது.

எப்போது போவது?

பஞ்சாங்கம் இங்கே பெரிதும் உதவுகிறது. மார்கழியில் நாம் திருமணம் செய்வதில்லை அல்லவா? வடநாட்டாரும் அவ்வாறே. சூரியன் தனுர் ராசியில் இருக்கும் அம்மாதத்தை அவர்கள் 'கர்மாஸ்' என்பார்கள். டிசம்பர் 16 வாக்கில் தொடங்கி ஜனவரி 14 வாக்கில் முடியும். அதற்கு முன்னும் பின்னும் வடநாட்டு நகரங்களில் கல்யாண ஊர்வலங்களும் வாத்தியக் கோஷமும் நிறைந்திருக்கும்; விடுதிகளும் தர்மசாலைகளும் கல்யாண வீட்டார் கையில் இருக்கும். மார்கழியில் அவை ஓய்ந்திருக்கும்.

ஆனால் கிறிஸ்துமஸ் தொடங்கிப் புத்தாண்டுவரை உல்லாசப் பயணிகளின் கூட்டம் வந்து அறை வாடகையை ஏற்றிவிடும். ஆக, இருவருக்குச் சிக்கனமான காலம் இரண்டே துண்டுகள்: டிசம்பர் 16 முதல் 22 வரை, ஜனவரி 4 முதல் 12 வரை. பனியை நினைத்தால் முதல் துண்டே நல்லது. பொங்கலுக்கு எல்லாரும் வீட்டில் இருக்கலாம் என்ற திருப்தியும் கிடைக்கும். ரயிலில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னதாகத் திறக்கிறது. எனவே ஐப்பசி பிறப்பதற்குள் தீர்மானித்துவிடுவது உத்தமம். நான் ஐப்பசி பிறந்த பிறகே தொடங்கினேன். நல்ல வேளையாக இடம் இருந்தது.

எந்த ஊர்?

ஐந்து ஊர்களைக் காகிதத்தில் எழுதினேன். மனைவியை அருகில் அமர்த்திக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்தோம்.

முதலில் ஆக்ரா. மிக அருகில் உள்ளது. காலையில் போய் இரவில் திரும்பலாம். தாஜ்மகால் வெள்ளிக்கிழமைகளில் மூடியிருக்கும் என்பதை மறக்கலாகாது. ஆனால் பனிக்காலத்துக் காலையில் தாஜ்மகாலின் எதிரே நின்றும் தாஜ்மகாலைக் காணாமல் திரும்பியவர்கள் உண்டு. ஆக்ராவை மாசி, பங்குனிக்கு ஒத்திவைத்தோம்.

இரண்டாவது காசி. அங்கே நமக்கு அந்நியம் என்பதே இல்லை. அனுமான் கட்டத்திலும் கேதார கட்டத்திலும் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கும். பாரதியார் இளமையில் சில ஆண்டுகள் வாழ்ந்த ஊர். சத்திரங்களும் உண்டு. நான் இதற்கே சாய்ந்தேன். என் மனைவி ஒப்பவில்லை. "அத்தையை விட்டுவிட்டு நாம் மட்டும் காசிக்குப் போவதா? அது அவர்களோடு போக வேண்டிய ஊர்" என்றாள். அவள் சொன்னது நியாயம். அத்துடன் அந்த வழி முழுவதும் பனியின் ராஜ்யம்.

மூன்றாவது அமிர்தசரஸ். பொற்கோயிலில் யாவருக்கும் இரவும் பகலும் இலவசமாக உணவு படைக்கிறார்கள். 1919இல் ரத்தம் சிந்திய ஜாலியன்வாலா பாகும் அருகிலேயே உள்ளது. செலவு மிகக் குறைவான ஊர் இதுவே என்பேன். ஆனால் மார்கழியில் பஞ்சாபின் குளிரும் பனியும் கடுமையானவை. ஐப்பசி, கார்த்திகையில் செல்பவர்கள் தயங்காமல் இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

நான்காவது சிம்லா. கால்காவிலிருந்து 1903ஆம் ஆண்டு முதல் ஓடும் 96 கிலோமீட்டர் மலை ரயில் ஒன்றே பார்க்கத் தக்கது. ஆனால் பனி பார்க்க வருவோர் கூட்டத்தில் அறை வாடகை ஏறியிருக்கும். இருவருக்கும் கனமான கம்பளி உடைகள் வாங்குகிற செலவிலேயே நம் திட்டம் முடிந்துவிடும்.

ஐந்தாவதாக நின்றது ஜெய்ப்பூர். தில்லியிலிருந்து 308 கிலோமீட்டர். ரேவாரி, அல்வர், பாந்திகூய் வழியே நான்கரை முதல் ஐந்தரை மணி நேரம். தென்மேற்குத் திசை, கங்கைச் சமவெளியின் பனி இங்கே அவ்வளவாக வாட்டுவதில்லை. பகலில் இதமான வெயில், இரவில் நல்ல குளிர். பகலிலேயே போய்ச் சேரலாம் என்பதால் படுக்கை வசதிக் கட்டணமும் இல்லை. அடிக்க ஒரு காரணமும் அகப்படவில்லை.

தங்குவதும் சுற்றுவதும்

எனக்குப் பாஸ் உண்டே, செலவென்ன என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு பாஸ் கோடையில் ஊருக்குச் செலவாகிவிட்டது. மற்றதை ஊரில் அவசரம் ஏதும் நேர்ந்தால் என்று எப்போதும் கையில் வைத்திருப்பது எங்கள் வழக்கம். ஆகவே எல்லாரையும் போலச் சீட்டு வாங்கியே போனோம். இரண்டாம் வகுப்பில் முன்பதிவு செய்த இருக்கை ஒருவருக்கு இருநூறு ரூபாய்க்குள் அடங்கிவிட்டது.

ஜெய்ப்பூரில் 2015 முதல் மெட்ரோ ரயில் ஓடுகிறது. ரயில் நிலையத்தில் ஏறினால் பழைய நகரின் நடுவிலுள்ள படீ சௌபட் வரை அதிலேயே போகலாம். ஹவா மகால் அங்கிருந்து சில நிமிட நடை. ஆகவே அறையை மெட்ரோ நிலையம் ஒன்றின் அருகில் அமர்த்திக்கொண்டால் ஆட்டோக்காரரோடு பேரம் பேசும் சிரமம் பாதி குறையும். குளிர்காலத்தில் அறை எடுப்பவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். வெந்நீர் எத்தனை மணிக்கு வரும்? ஆளுக்கொரு ரஜாய் கொடுப்பார்களா? சன்னலில் வெயில் விழுமா? முதலிரண்டைக் கேட்டேன், மூன்றாவதை மறந்தேன். எங்களுக்குக் கிடைத்தது கிணற்றடி போன்ற அறை. இரண்டாம் நாள் கேட்டு மாற்றிக்கொண்டோம். ரயில் நிலையத்து ஓய்வறைகளையும் நினைவில் வைக்கலாம். உறுதியான சீட்டு உள்ளவர்கள் அதிகபட்சம் 48 மணி நேரம் தங்க முடியும். எங்கே தங்கினாலும் இருவரும் அடையாள அட்டை வைத்திருப்பது அவசியம்.

அரசு நினைவுச் சின்னங்களுக்குச் சேர்ந்தாற்போல் ஒரே சீட்டு தருகிறார்கள். ஆமேர் கோட்டை, ஹவா மகால், ஜந்தர் மந்தர், ஆல்பர்ட் ஹால் முதலியவை அதில் அடங்கும். இரண்டு நாள் செல்லும். தனித்தனியே வாங்குவதை விட இது லாபம். நகர அரண்மனைக்குத் தனிக் கட்டணம். நாங்கள் அதை விட்டுவிட்டோம். ஆமேருக்கு ஹவா மகால் அருகிலிருந்து நகரப் பேருந்து உண்டு. தூரம் 11 கிலோமீட்டர். வழியில் ஏரி நடுவே ஜல மகாலும் தெரியும்.

உணவு விஷயத்தில் ஒரு வார்த்தை. அங்கே போயும் இட்லியைத் தேடி அலைவது வீண். காலையில் வெங்காயக் கசோரியும், மண் குவளையில் சூடான பாலும், மத்தியானம் ரொட்டியும் பருப்பும் மலிவாகவும் ருசியாகவும் கிடைக்கின்றன. எள்ளும் வெல்லமும் சேர்ந்த கஜக் குளிர்காலத்துப் பண்டம். வீட்டிலிருக்கும் குழந்தைகளுக்கு வாங்கி வரலாம். வழியில் அல்வரின் பால்கோவாவும் பெயர் பெற்றது.

கண்டவை

ஜெய்ப்பூர் திட்டமிட்டுக் கட்டப்பட்ட நகரம். 1727இல் இரண்டாம் சவாய் ஜெய்சிங் மன்னர் அடிக்கல் நாட்டினார். வங்காளத்தைச் சேர்ந்த வித்யாதர் பட்டாச்சாரியா துணை நின்று வகுத்தார். கோடு போட்டாற்போன்ற அகன்ற வீதிகள். சதுரம் சதுரமான பேட்டைகள். 1876இல் வேல்ஸ் இளவரசர் வருகைக்காக இளஞ்சிவப்பு வண்ணம் பூசினார்கள். அந்த நிறமே நகருக்குப் பெயராயிற்று. 2019இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் பழைய நகர் இடம் பெற்றது.

தில்லியிலுள்ள ஜந்தர் மந்தரை நாம் பேருந்தில் போகும்போது பார்த்திருப்போம். அதைக் கட்டிய அதே ஜெய்சிங் கட்டியதுதான் ஜெய்ப்பூரிலுள்ளதும். ஆனால் இது பெரியது. 27 மீட்டர் உயரமுள்ள கல் கடிகாரம் ஒன்று அங்கே இருக்கிறது. அதன் நிழல் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது. கண் எதிரிலேயே நகர்வதைக் காணலாம். என் கைக்கடிகாரத்துக்கும் அதற்கும் அரை மணி போல வித்தியாசம் இருக்கவே என் மனைவி, "எது சரி?" என்று கேட்டாள். இரண்டும் சரி. அது அந்த ஊரின் சூரிய நேரம். என் கையில் இருப்பது நாடு முழுவதற்கும் பொதுவானது. இந்தப் பொது நேரம் 1906இல்தான் வந்தது. அதற்கு முன் இந்திய ரயில்வேக்கள் நெடுங்காலம் சென்னை நேரத்தைக் கொண்டே வண்டி ஓட்டின என்று சொன்னபோது, "அப்போது எல்லாரும் நம் ஊர் நேரத்தில்தான் இருந்தார்களா?" என்று வியந்தாள். இருபது நிமிடம் அந்நிழலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவசரமாகப் போக வேண்டிய இடம் எதுவும் எங்களுக்கு இல்லை.

ஹவா மகாலை 1799இல் சவாய் பிரதாப்சிங் மன்னர் கட்டுவித்தார். வீதியை நோக்கி 953 சிறு சன்னல்கள். அரண்மனைப் பெண்டிர் தாங்கள் பிறர் கண்ணில் படாமல் வீதியைப் பார்ப்பதற்காக அமைக்கப்பட்டவை. மேல் மாடத்துச் சன்னல் ஒன்றில் கண் வைத்து என் மனைவி வெகுநேரம் கீழே பார்த்தாள். பிறகு திரும்பி, "பதினொரு வருஷமாக நானும் தில்லியை இப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை. எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடி அடுப்பங்கரைச் சன்னல் என் நினைவுக்கு வந்தது. நான் தினமும் மெட்ரோவிலும் பேருந்திலும் தில்லியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடக்கிறேன். அவள் பள்ளிக்கூடம், காய்கறிச் சந்தை, வெள்ளிக்கிழமை முருகன் கோயில் என்ற மூன்று வழிகளை மட்டுமே அறிவாள். அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு வார்த்தை அகப்படவில்லை.

அன்று மாலை கடைவீதியில் அவளே முன்னால் நடந்தாள். தனக்குத் தெரிந்த இந்தியில் பேரம் பேசி, என் தாயாருக்கு இலேசான பருத்தி ரஜாய் ஒன்று வாங்கினாள். அவள் இந்தியில் இத்தனை வாயாடுவாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். சனிக்கிழமையாகையால் கடைகள் திறந்திருந்தன. ஞாயிறன்று பழைய நகரில் பல கடைகள் மூடியிருக்கும்.

வரவு செலவு

கணக்கு எழுதுவது என் தொழில். ஆகவே அதை மறைக்க விரும்பவில்லை. இருவருக்கும் ரயில் கட்டணம் போக வர ரூபாய் 580. இரண்டு இரவு அறை வாடகை 2,200. உணவு 1,500. நுழைவுச் சீட்டும் உள்ளூர்ப் போக்குவரத்தும் 1,800. ஆக 6,080. ரஜாய் 1,400 சேர்த்து 7,480. நான் ஒதுக்கியிருந்தது 7,000. மிகுந்த 480 ரூபாயை மறுமாதப் பால் கணக்கில் சரிக்கட்டினோம்.

பள்ளி செல்லும் மகனை என் தாயார் பார்த்துக்கொண்டார். இரண்டாம் மாடியிலுள்ள திருநெல்வேலிக் குடும்பத்தார் ஒரு வேளை குழம்பு கொடுத்தனுப்பி உதவினார்கள். தைப்பூசத்தன்று அவர்களை நாங்கள் அழைத்துச் சோறிட்டோம். வரும் ஆண்டு அவர்கள் போவதாகவும் அவர்களுடைய குழந்தைகள் எங்கள் வீட்டில் இருப்பதாகவும் ஏற்பாடு. ஒரே குடியிருப்பில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இவ்விதம் முறை வைத்து உதவிக்கொண்டால், பாட்டி இல்லாத வீட்டாரும் இரண்டு நாள் வெளியே போய் வரலாம். நம் சங்கத்து மாதர் பகுதியினர் இதை யோசிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

திரும்பி வந்த இரவு தாயார் ரஜாயைப் பிரித்துப் பார்த்து, "இது எதற்கு வீண் செலவு?" என்றார். ஆனால் அன்று முதல் அதையே போர்த்திக்கொள்கிறார். வரும் ஐப்பசி பிறக்கும்போது மைசூருக்கு மூன்று சீட்டு போட நினைத்திருக்கிறேன். கோடைக்கு ஊருக்குப் போவதைச் சற்றுத் தள்ளி, அந்தப் பாஸையே அதற்கு வைத்துக்கொள்ளலாம் என்பது என் மனைவியின் யோசனை. அந்தப் பக்கம் மூடுபனித் தொல்லை இல்லை. அன்பர்களும் "அடுத்த வருஷம்" என்று சொல்லும்முன் காகிதமும் பென்சிலும் எடுத்து உட்கார வேண்டுமென்பது என் விண்ணப்பம்.